கொடுப்பவர் பெயரும் கணக்கு நோட்டில்



"கிறிஸ்தவ அறப்பணியும் குழுச் சேமிப்பும்" என்று இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர் அன்பைப் பற்றியும் இரக்கத்தைப் பற்றியும் பேசுவது வழக்கம். அதைப் பேச உங்கள் சபைகளில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் கணக்கைப் பற்றிப் பேசுகிறேன். யார் பணம், யார் கையில், நட்டம் வந்தால் யார் தலையில்? இந்த மூன்றுதான் என் விஷயம். பன்னிரண்டு சீடர்களுக்கும் ஒரு பொதுப் பணப்பை இருந்தது, அதை வைத்திருந்தவர் யூதாஸ் என்று யோவான் எழுதிவைத்திருக்கிறார். ஆகவே கணக்கைப் பற்றிய கவலை திருச்சபைக்குப் புதிதல்ல. பவுலும் எருசலேம் ஏழைகளுக்குத் திரட்டிய காணிக்கையைத் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களையும் கூட்டிக்கொண்டார். நாளைக்கு ஒருவரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று காரணமும் எழுதினார்.

கதையை ஜெர்மனியில் தொடங்கி, சுருக்காகவே கோயம்புத்தூர் மாவட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறேன்.

ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் 1818-ல் பிறந்தவர். கண்பார்வை கெட்டதால் ராணுவ வேலையை விட்டவர். 1845-ல் வையர்புஷ் என்ற ஏழைக் கிராமப் பகுதிக்கு மேயராகப் போனார். மறு ஆண்டு விளைச்சல் பொய்த்து, 1846-47 குளிர்காலம் பஞ்சமாகிவிட்டது. அரசு தானியம் அனுப்பியது, ஆனால் ரொக்கம் கொடுப்பவருக்கே விற்க வேண்டும் என்ற உத்தரவோடு அனுப்பியது. ரொக்கம் இருந்தால் பஞ்சம் எதற்கு? ரைஃபைசன் உத்தரவை மீறினார். ஊரில் வசதியுள்ளவர்களைக் கூட்டிப் பணம் போடச் சொன்னார், மாவு வாங்கினார், பொது அடுப்பு கட்டினார், ரொட்டியைக் கடனாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தீவிரமான புராட்டஸ்டண்ட் பக்தர் அவர். அயலானை நேசிப்பதை அவர் சொந்த வாழ்க்கையின் சட்டமாகவே வைத்திருந்தார். அப்படிப்பட்டவருக்கு அந்தக் குளிர்காலம் ஒரு பெரிய வெற்றிதான்.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை, அங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. 1849-ல் ஃபிளாமர்ஸ்ஃபெல்டில் ஒரு உதவிச் சங்கம் வைத்தார். மாடு வாங்கக் கந்துவட்டிக்காரனிடம் சிக்கிய உழவர்களுக்குக் கடன் தருவது அதன் வேலை. அறுபது வசதியுள்ளவர்கள் அதற்குப் பொறுப்பேற்றார்கள். சும்மா பொறுப்பல்ல, சங்கத்தின் கடனுக்குத் தங்கள் முழுச் சொத்தும் ஈடு. 1854-ல் ஹெடஸ்டார்ஃபில் அடுத்த சங்கம். அநாதைக் குழந்தைகளை வளர்ப்பது, சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தேடுவது, நூலகம், கடன் என்று அதற்குப் பட்டியல் நீளம். சில வருடங்களில் செல்வந்தர்களுக்கு அலுத்துவிட்டது. கொடுத்துக்கொண்டே இருப்பவன் ஒருநாள் கையை இழுத்துக்கொள்வான், அது மனித இயல்பு. கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். 1864-ல் ரைஃபைசன் அந்தச் சங்கத்தைக் கலைத்து, கடன் வாங்குபவரே உறுப்பினராக இருக்கும் சங்கமாக மாற்றி எழுதினார். தர்மம் முடிந்து கூட்டுறவு பிறந்தது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் இடம் இது.

பாடப்புத்தகம் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. 1864-க்குப் பிறகும் வசதியுள்ளவர்களை ரைஃபைசன் வெளியே அனுப்பவில்லை, உள்ளே கூப்பிட்டார். நிலமுள்ளவரும் கூலிக்காரரும் ஒரே சங்கத்தில், ஆளுக்கு ஒரு வாக்கு, எல்லாருக்கும் வரம்பில்லாத பொறுப்பு. சங்கம் திவாலானால் பெரிய வீட்டுக்காரரின் வீடும் போகும். ஆகவே பெரிய வீட்டுக்காரர் கூட்டத்துக்கு வந்தார், யாருக்குக் கடன், எதற்குக் கடன் என்று கேட்டார், கணக்கைப் புரட்டிப் பார்த்தார். லாபத்தைப் பிரித்துக்கொள்ளக் கூடாது, அது பொது நிதியில் சேர வேண்டும். நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை, கணக்கர் ஒருவருக்கு மட்டும் உண்டு. சங்கத்தின் எல்லை ஒரு பங்கு அளவு, அதாவது கோயில் மணி கேட்கும் தூரம். ஒருவர் குடிக்கிறாரா, உழைக்கிறாரா என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரிந்த அளவுதான் சங்கத்தின் அளவு. பிற்காலத்தில் அவருக்குப் பார்வை ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. மகள் அமாலி கடிதங்களை வாசித்தும் எழுதியும் கொடுக்க, 1888-ல் இறக்கும்வரை அந்த வேலை நடந்தது.

இப்போது கோயம்புத்தூர். 1887-ல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு ஒன்றைச் சென்னை அரசு வெளியிட்டது. தொகுத்தவர் பிரடெரிக் நிக்கல்சன் என்ற ஆங்கில அதிகாரி. அன்று நம் திருப்பூர் அந்த மாவட்டத்தின் பல்லடம் தாலுகாவில் ஒரு ரயில் நிலையமுள்ள ஊர், அவ்வளவுதான். நொய்யலையும் கிணற்றுப் பாசனத்தையும் கம்பையும் சோளத்தையும் காங்கேயம் மாட்டையும் எழுதிய கை அது. இந்த மண்ணின் உழவன் எதற்குக் கடன் வாங்குகிறான், எப்படிக் கட்டுகிறான் என்று பார்த்த கண்ணும் அவருடையது. அதே நிக்கல்சனைத்தான் 1892-ல் விவசாயக் கடனுக்கு ஐரோப்பாவில் என்ன வழி இருக்கிறது என்று பார்த்துவர அரசு நியமித்தது. 1895-லும் 1897-லும் இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். நம் ஊர்ச் சீட்டையும் சென்னையில் 'நிதி' என்ற பெயரில் நடந்த சேமிப்புச் சங்கங்களையும்கூட அதில் விடாமல் ஆராய்ந்தார். அவ்வளவும் எழுதி முடித்துக் கடைசியில் அவர் வந்து நின்ற இடம், ரைஃபைசனைப் போன்ற ஆட்களைக் கண்டுபிடித்தால் மற்றது நடக்கும் என்பதே. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. கிராமச் சங்கங்களுக்கு வரம்பில்லாத பொறுப்பு என்று அது விதித்தது. அதே ஆண்டு செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் சங்கம் பதிவானது. ஹெடஸ்டார்ஃபில் பைபிளைப் படித்துவிட்டுச் சங்கம் வைத்த ஒருவரின் யோசனை நாற்பது வருடத்தில் இந்தியச் சட்டப் புத்தகத்துக்குள் வந்துவிட்டது. இன்று பயிர்க்கடனுக்காகக் கூட்டுறவுச் சங்க வாசலில் நிற்கும் அவிநாசிக்காரருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை, தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை.

அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு ஏழைக் கிறிஸ்தவர்களிடம் போனவர் சேலத்துக்காரர் கே.டி. பால். 1876-ல் பிறந்தவர், 1916-ல் ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலாளர் ஆனவர், 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். அவர் நகரத்து இளைஞர் சங்கமாக இருந்த ஒய்.எம்.சி.ஏ.வைக் கிராமத்துக்குத் திருப்பினார். நிலமில்லாத, தீண்டாமைக்கு ஆளான மக்களிடையே கடன் சங்கங்களை உண்டாக்கினார், அவற்றுக்குப் பணம் கொடுக்க மத்திய வங்கி ஒன்றுக்கும் வழிசெய்தார். மிஷன் பங்களாவில் கை நீட்டி நின்றால் காசு கிடைக்கும் என்ற பழக்கம் மதம் மாறிய சேரிகளை எப்படிக் கெடுக்கிறது என்று அவர் நேரில் கண்டிருந்தார். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-ல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அதே எண்ணமுடையவர். அவருடைய தோர்ணக்கல் பேராயத்தில் கூலிக்காரப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனியாக எடுத்துவைத்தார்கள். மிசோரத்திலும் 1910 முதல் இந்த வழக்கம் உண்டு, இன்றுவரை அந்தத் திருச்சபையின் வருமானத்தில் அது கணிசமான பங்கு. வாங்குகிறவளும் கொடுப்பவளாக வேண்டும் என்பது அசரியாவின் பிடிவாதம். ஏழையை மதிப்பதற்கு அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

கைப்பிடி அரிசி திருப்பூரில் நடக்காது. இங்கே அரிசி வாங்குவதே சனிக்கிழமைச் சம்பளம் வந்த பிறகுதான்.

இந்த ஊரில் பணம் எப்படி நடக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வெளியூரிலிருந்து வந்திருக்கும் ஓரிருவருக்காகச் சொல்கிறேன். ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் இது. அந்தப் பணத்தின் கடைசித் துளி சனிக்கிழமை இரவு லைன் வீட்டுக்கு வந்து சேரும். ஓவர்லாக், பேட்லாக் டெய்லருக்குப் பீஸ் ரேட், செக்கிங்குக்கும் கைமடிக்கும் ஷிப்டுக் கணக்கு. ஒன்றரை ஷிப்ட் ஓடினால் ஒரு மாதிரி, ஆர்டர் இல்லாத வாரம் வேறு மாதிரி. சனிக்கிழமை இரவே மளிகைக் கடைப் பாக்கி, தண்டல்காரர், தீபாவளிச் சீட்டு, குலுக்கல் சீட்டு, வாடகை முன்பணத்தின் தவணை எல்லாம் வாசலில் வந்து நிற்கும். மாதச் சம்பளக்காரனுக்கு முப்பது நாளில் வரும் நெருக்கடி இங்கே ஏழு நாளுக்கு ஒருமுறை வருகிறது. சீட்டு பிடித்த ஆள் ஓடிப்போன கதை இல்லாத காம்பவுண்டு இந்த ஊரில் இருக்கிறதா? சேமிக்கத் தெரியாதவர்கள் என்று இந்த மக்களைச் சொல்பவர்கள் அந்தச் சீட்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். இவர்களுக்குச் சேமிப்புப் பழக்கத்தில் குறையில்லை, நம்பி வைக்க ஒரு இடமில்லாததுதான் குறை.

ஞாயிறு ஆராதனை முடிந்தபின் கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கூடும் ஒரு குழுவை எனக்குத் தெரியும். பன்னிரண்டு பெண்கள். ஏழு பேர் கிறிஸ்தவர்கள், மற்றவர்கள் அதே காம்பவுண்டில் குடியிருக்கும் மதுரை, தேனிப் பக்கத்துக்காரர்கள். நீளமான நோட்டு ஒன்று. பெயர், சேமிப்பு, கடன், அசல், வட்டி, அபராதம் என்று ஆறு பத்திகள், அவற்றைப் பென்சிலால் கோடு போட்டுப் பிரித்திருக்கிறார்கள். வாரம் 200 ரூபாய். எழுதுகிறவள் எட்டாம் வகுப்பு படித்த செக்கிங் பெண். ஒவ்வொரு வரியையும் எழுதியபின் தொகையைச் சத்தமாகப் படிக்கிறாள், எல்லோரும் கேட்கிறார்கள். எழுத்து தெரியாதவர்களுக்கு அந்தச் சத்தம்தான் ரசீது. நான் போயிருந்த அன்று ஒருத்தி வெறுங்கையோடு வந்தாள். "ஏனுங்கக்கா, இந்த வாரம் ரெண்டு நாள்தானுங்க ஷிப்ட்டு. அடுத்த வாரம் சேத்திக் கட்டிக்கறனுங்க" என்றாள். அபராதப் பத்தியில் பத்து ரூபாய் எழுதப்பட்டது. யாரும் முகம் சுளிக்கவில்லை, யாரும் அபராதத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை. அந்தப் பத்து ரூபாயை விடாமல் எழுதியதில்தான் எனக்கு அந்தக் குழு பிடித்துப்போனது. தர்மம் கேட்டு வந்தவளிடம் யாராவது அபராதம் வாங்குவார்களா? தங்களில் ஒருத்தியிடம்தான் வாங்க முடியும்.

இந்த வகைக் குழுக்கள் எங்கிருந்து வந்தன என்பதை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் அரசு வழியில் 1989-ல் தருமபுரியில் தொடங்கின, 1992-ல் நபார்டு இவற்றை வங்கியோடு இணைத்தது, பிறகு மகளிர் திட்டம். அதற்கு முன்பே மறைமாவட்டச் சமூகப் பணி மையங்களும் தென்னிந்தியத் திருச்சபையின் பெண்கள் ஐக்கியங்களும் மாதர் சங்கம், பிடி அரிசி, சிறுசேமிப்பு என்று பழக்கியிருந்தன. கன்னியாகுமரிக் கடற்கரையில் கோட்டாறு மறைமாவட்டமும் பெல்ஜியத்துக் குருவான ஜேம்ஸ் தோம்பரும் எழுபதுகளில் வளர்த்த மீனவர் சங்கங்கள் இன்னும் ஒருபடி மேலே போயின. மீனைச் சங்கமே கடற்கரையில் ஏலம் விட்டது. விலையிலிருந்து கடனுக்கு ஒரு பங்கு, சேமிப்புக்கு ஒரு பங்கு, சங்கச் செலவுக்கு ஒரு பங்கு அங்கேயே பிடித்தது. மீன் பட்டால் பிடித்தம், படாவிட்டால் பிடித்தம் இல்லை. வருமானத்தின் ஏற்ற இறக்கத்தோடு சேமிப்பும் ஏறி இறங்கும் ஏற்பாடு அது. வியாபாரியின் பிடியிலிருந்து வள்ளங்கள் மீண்டதற்கு அது முக்கியக் காரணம். திருப்பூரிலும் கம்பெனிச் சம்பளத்திலேயே பிடித்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது. மீனவர் சங்கம் மீனவருடையது, கம்பெனி தொழிலாளியுடையது அல்ல. சேமிப்பு முதலாளி கையில் இருந்தால் வேலையை விட்டுப் போகிறவள் சேமிப்பையும் விட்டுத்தான் போவாள். சுமங்கலித் திட்டத்தில் பஞ்சாலைகள் அதைத்தானே செய்தன? மூன்று வருடம் முடித்தால் மொத்தத் தொகை என்று சொல்லி, இடையில் போன பெண்களை வெறுங்கையோடு அனுப்பிய கதைகள் இந்தப் பகுதியில் நிறைய உண்டு.

சரி, என் குறை என்ன? ரைஃபைசன் சங்கத்தில் பொறுப்பு ஊர் முழுவதையும் கட்டியது. பணக்காரனையும் கட்டியது. இன்று நாம் வைத்திருக்கும் குழுவில் பொறுப்பு ஏழையை ஏழையோடு மட்டுமே கட்டுகிறது. நுண்கடன் நிறுவனங்கள் இதைக் கச்சிதமாகப் பயன்படுத்திக்கொண்டன. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், கட்டும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது. 2010-ல் ஆந்திராவில் அது கடன்பட்டவர்களின் தற்கொலைகள்வரை கொண்டுபோய்விட்டது. நம் சட்டமன்றமும் 2025-ல் கடன் வசூலில் வன்முறையைத் தடுக்கச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. கொடுப்பவர்கள் என்ன ஆனார்கள்? அவர்கள் நோட்டுக்கு வெளியே போய்விட்டார்கள். கிறிஸ்துமஸுக்குச் சேலை, ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம், அந்தோணியார் ரொட்டி, வின்சென்ட் தே பவுல் சபையின் வாராந்திர உதவி. கடைசியாகச் சொன்னதை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1833-ல் பாரீஸில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவனும் நண்பர்களும் தொடங்கிய அந்தச் சபையில், உதவி செய்ய வீடு தேடிப் போக வேண்டும், கூட்டத்தில் சுற்றிவரும் பையில் யார் எவ்வளவு போட்டார் என்று அடுத்தவருக்குத் தெரியக் கூடாது. நோயாளிக்கும் ஆதரவற்ற முதியவருக்கும் அதுதான் சரியான வழி. உழைத்துச் சம்பாதிக்கும் தையல்காரிக்கு அது வழியல்ல.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஐயாயிரத்துக்கு எடுப்பவருக்கு நாம் கைதட்டுகிறோம். அவர் யூனிட்டில் எத்தனை பேருக்குப் பி.எஃப். பிடித்துக் கட்டுகிறார் என்று ஏலம் விடுகிறவர் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் அடுத்த வருடம் என்னை ஏலத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

ஏழையை ஏழையோடு மட்டும் கட்டுவது மற்ற ஊர்களில் ஓரளவுக்கு ஓடும். ஒருத்தி மாடு வைத்திருப்பாள், ஒருத்தி பூக்கடை, ஒருத்தி நூறு நாள் வேலை. ஒருத்திக்குத் தட்டினால் மற்றவள் தாங்குவாள். திருப்பூரில் பன்னிரண்டு பேரும் ஒரே தொழில். ஆர்டர் நின்றால் பன்னிரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் நிற்கும். 2011 ஜனவரி இறுதியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அப்படித்தான் நடந்தது. 2016 நவம்பரில் பெரிய ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது சனிக்கிழமைச் சம்பளம் கொடுக்க ரொக்கம் இல்லாமல் நின்றது. 2020-ல் ஊரடங்கு. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, ஆர்டரைப் பிடித்துவைக்கிறோம், பிறகு பார்க்கலாம் என்று வாங்குவோர் சொன்னது ஒரே நேரத்தில் எல்லாக் கம்பெனிக்கும் வந்த செய்தி.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இது என் உதாரணம், எந்தக் குழுவின் உண்மைக் கணக்கும் அல்ல. பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்கள் இருபது, ஆக 240 பேர். வாரம் 200 ரூபாய், ஒரு வாரமும் தவறாமல் ஒரு வருடம். 24,96,000 ரூபாய் சேரும், அதாவது இருபத்தைந்து லட்சத்துக்கு நான்காயிரம் குறைவு. நல்ல தொகைதான். இப்போது வேலை நிற்கிறது. வீட்டுக்கு வாரம் 2,000 ரூபாய் எடுத்தால் ஒரு வாரத்துக்கு 4,80,000. ஐந்து வாரத்தில் வருடம் முழுக்கச் சேர்த்தது ஏறக்குறைய காலி. கடன் கொடுத்திருந்த பணம் வெளியே நிற்பதால் உண்மையில் இரண்டு மூன்று வாரத்திலேயே பெட்டி காலியாகும். பிறகு பெண்கள் எங்கே போவார்கள்? தண்டல்காரரிடம்தான். இத்தனை ஒழுங்காக நோட்டு எழுதியதன் பலன் அங்கே போய் முடியும். இதைச் சிக்கனத்தால் சரிசெய்ய முடியாது. வாரம் 200 கட்டுகிறவளிடம் 300 கட்டு என்று சொல்வது அறப்பணி ஆகாது.

இந்த இடத்தில்தான் கொடுப்பவரின் பணத்துக்கு வேலை இருக்கிறது. சேலையாக வேண்டாம், குழுக்களுக்குப் பின்னால் நிற்கும் ஈட்டு நிதியாக இருக்கட்டும். ரைஃபைசன் ஊர்ச் சங்கங்களை ஒரு மைய வங்கியோடு இணைத்ததும் இதற்காகத்தான். ஒரு ஊரில் விளைச்சல் கெட்டால் வேறொரு ஊரின் பணம் தாங்கும். நம்மிடம் வேறு ஊர் இல்லை, ஆனால் வேறு வருமானம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். டாக்டர், ஆசிரியர், ஓய்வூதியக்காரர், ரியல் எஸ்டேட்காரர், வெளிநாட்டில் மகனை வைத்திருப்பவர், யூனிட் முதலாளி எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடுகிறார்கள். அவர்கள் நன்கொடை தர வேண்டாம். வட்டியில்லாத வைப்பாகப் போடட்டும். வேலை நின்ற வாரங்களில் குழுக்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும், ஷிப்ட் திரும்பியபின் கட்டட்டும். திரும்பாத பணம் இருந்தால் முதல் நட்டம் வைப்புப் போட்டவருடையது, பிறகுதான் பெண்களின் சேமிப்பைத் தொட வேண்டும். தர்மம் செய்கிறேன் என்கிறவர் தாங்க வேண்டிய நட்டம் அதுதானே?

பெயரும் நோட்டில் இருக்க வேண்டும். போட்டவர் மாதம் ஒருமுறையாவது பாயில் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கப்படும் கணக்கைக் கேட்க வேண்டும். வாக்கு ஒன்றுதான். இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. முதலாளி வந்து உட்கார்ந்தால் தொழிலாளி வாய் திறப்பாளா? திறக்க மாட்டாள். ஜெர்மன் கிராமங்களிலும் பாதிரியாரும் பள்ளி ஆசிரியரும் பெரிய விவசாயியும் சொன்னதுதான் சட்டமாக இருந்தது. ஆகவே ஒருவரின் யூனிட்டில் வேலை செய்கிறவர்கள் இருக்கும் குழுவில் அவர் பெயர் இருக்கக் கூடாது. அனுப்பர்பாளையத்துக்காரர் நல்லூர்க் குழுவில் உட்காரட்டும். பனியன் தொழிலின் கஷ்டத்தைத் தெரிந்தவர், ஆனால் அந்தக் குழுப் பெண்களுக்குச் சம்பளம் போடாதவர். இன்னொன்று, இந்த நிதி சட்டப்படிச் சேர வேண்டிய எதற்கும் பதிலாகாது. குறைந்தபட்சக் கூலி, இ.எஸ்.ஐ., பி.எஃப்., போனஸ் தராதவரின் வைப்பை வாங்காமல் திருப்பிக் கொடுக்கும் தைரியம் நிர்வாகக் குழுவுக்கு வேண்டும்.

வெளிநாட்டுப் பணம் வந்துகொண்டிருந்தவரை இந்த யோசனையெல்லாம் தேவைப்படவில்லை. பெல்ஜியத்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தது, செலவானது, அறிக்கை அனுப்பினோம். 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, ஒரு அமைப்பு வாங்கியதை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கவே முடியாது என்று ஆக்கிவிட்டார்கள். சிறிய அமைப்புகள் பலவற்றுக்கு வாசல் அடைபட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் கே.டி. பால் நூறு வருடத்துக்கு முன் கேட்ட கேள்வி, உள்ளூர்க் கிறிஸ்தவர் எவ்வளவு போடுகிறார் என்பது, இப்போது தப்பிக்க வழியில்லாமல் எதிரே நிற்கிறது.

மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குழுவில் சேர ஞானஸ்நானம் நிபந்தனையாகக் கூடாது, ஜெபமும் கட்டாயமாகக் கூடாது. நான் சொன்ன கொட்டகைக் குழுவில் ஐந்து பெண்கள் மாரியம்மன் கோயில் கம்பம் நட்டால் விரதம் இருப்பவர்கள். அவர்கள் 200 ரூபாயும் அதே பெட்டியில்தான். கடனோடு மதத்தையும் சேர்த்துக் கொடுக்கிறவர் இரண்டையும் கெடுக்கிறார்.

வட்டி வாங்கலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். அண்ணன் தம்பியிடம் வட்டி வாங்கக் கூடாது என்பது மோசேயின் சட்டம். பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியில் பிரான்சிஸ்கன் துறவிகள் ஏழைகளுக்காக அடகுக் கடைகள் வைத்தார்கள், 1462-ல் பெருஜியாவில் வைத்தது பேர்போனது. செலவுக்காகச் சிறு வட்டி வாங்கினார்கள். அது பாவமா இல்லையா என்று அரை நூற்றாண்டுக்கு மேல் சண்டை நடந்து, 1515-ல் லாத்தரன் சங்கம் செலவுக்கு மட்டுமானால் பாவமில்லை என்று தீர்த்தது. குழுக்கள் நூற்றுக்கு இரண்டு வாங்குகின்றன. அது வெளியே போவதில்லை, வருடக் கடைசியில் அவர்களுக்கே திரும்புகிறது. என் மனசாட்சிக்கு அது உறுத்தவில்லை. ஈட்டு நிதிக்கு மட்டும் வட்டி வேண்டாம்.

இதுவரை சொன்னதில் ஓட்டை ஒன்று இருக்கிறது, அது எனக்கே தெரிகிறது. ரைஃபைசனின் சங்கம் கோயில் மணி கேட்கும் தூரத்துக்குள் பிறந்து அங்கேயே சாகிறவர்களுக்கானது. இன்று திருப்பூரில் தைப்பவர்களில் கணிசமானோர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். ஜார்க்கண்ட், ஒடிசாப் பெண்கள் பலர் கிறிஸ்தவர்கள், ஹாஸ்டலிலிருந்து வேனில் கூட்டமாகக் கோயிலுக்கு வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் மொழியில் பூசை இல்லாததால் வெறுமனே எழுந்தும் முழந்தாளிட்டும் போகிறார்கள். வீட்டிலிருந்து ஒரு போன் வந்தால் மறுநாள் ரயில். அவர்களை எந்தக் குழுவும் சேர்ப்பதில்லை, கடன் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். கடன் வேண்டாம், சேமிப்பு மட்டும் வாங்கலாமே? ரயிலுக்குப் போகிற அன்றே, முன்னறிவிப்பு இல்லாமல், போட்டது முழுவதையும் கையில் வாங்கிக்கொள்ளும் உரிமையோடு. குழுவின் பெட்டியில் அன்று அந்தப் பணம் இருக்காது, கடனில் வெளியே நிற்கும். ஈட்டு நிதியிலிருந்து முதலில் கொடுத்துவிட்டுக் குழுவிடம் பிறகு வசூலித்துக்கொள்ளலாம். இந்தப் பங்கில் ஒடியாவும் சதிரியும் தெரிந்த ஒரு அருட்சகோதரி இருக்கிறார் என்று வரும் வழியில் சொன்னார்கள். நோட்டின் தலைப்புகளை அவரைக் கொண்டு இரண்டு மொழியிலும் எழுதிவைத்தால், கோடு கிழிப்பதற்கு மேல் வேறு செலவில்லை.